தேடிப் போனவரின் பெயரில் ஒரு வீதி

போன கிழமை உங்கள் முதல் வருட ஆட்டைத் திவசத்துக்கு ஐயரிடம் சொல்லி வைப்பதற்காக ஒக்லாந்தின் தெற்கே பாபகூராவுக்குப் போய்க்கொண்டிருந்தோம். வாசுகி கார் ஓட்டினாள். பழமும் வெற்றிலையும் வைத்த பையை மடியில் பிடித்தபடி நான் பக்கத்தில் இருந்தேன்.

"அம்மா, அப்பாவின்ர பக்கத்தில செத்தவையின்ர பேரெல்லாம் வேணுமாம். ஐயர் மெசேஜ் போட்டவர். சித்தப்பாவின்ர பேரையும் சொல்லுறதோ?" என்று கேட்டாள் எங்கள் மகள்.

நான் வாய் திறப்பதற்குள் முன்னால் போன லொறியின் சக்கரத்திலிருந்து ஒரு கல் எழும்பி வந்து கண்ணாடியில் அடித்தது. 'டக்' என்று ஒரே ஒரு சத்தம். என் பக்கத்து மூலையில் கடுகளவு வெடிப்பும் அதிலிருந்து கிளம்பிய சில மெல்லிய கோடுகளும்.

"சின்னச் சிப்தான் அம்மா. இன்சூரன்ஸ் பார்க்கும். ஏன் அழுறீங்கள்?" என்றாள்.

நான் அழவில்லை என்றேன். அவள் நம்பவில்லை. கேட்ட கேள்வியை அவளும் மறந்துவிட்டாள், நானும் மறந்ததுபோல இருந்துவிட்டேன்.

அந்தச் சத்தத்தை எனக்கு அறிமுகம் செய்தவர் நீங்கள். கனடாவின் வடக்கே, டோசன் நகருக்குப் பக்கத்தில் தார் வீதியை விட்டுத் திரும்பிச் சரளைக்கல் பரவிய கிறவல் வீதியில் ஏறிய கொஞ்ச நேரத்தில் முதல் கல் வந்தது. நான் 'ஐயோ' என்று காதைப் பொத்தினேன். நீங்கள் சிரித்தீர்கள்.

"பயப்பிடாதையும். வீதி கையெழுத்துப் போடுது."

"கையெழுத்து நல்லாயில்லை. கொன்வென்ட்டிலை படிச்சிருந்தால் இப்பிடிக் கிறுக்கியிருக்காது" என்றேன்.

"உமக்கு வீதியும் வரியிலை எழுதோணும்" என்றீர்கள். உங்கள் அந்தச் சிரிப்பை நான் அதிகம் கண்டதில்லை. மவுண்ட் ஆல்பர்ட் வீட்டில் நாங்கள் வாழ்ந்த வருடங்கள் எல்லாவற்றையும் சேர்த்தாலும், அந்தப் பயணத்தில் சிரித்த அளவுக்கு நீங்கள் சிரித்திருக்க மாட்டீர்கள்.

டெம்ஸ்டர் நெடுஞ்சாலை என்ற பெயரை நீங்கள் எங்கே முதலில் கண்டீர்கள் என்று எனக்கு நினைவில்லை. வேலைத்தளத்துக்கு வந்த ஏதோ பொறியியல் சஞ்சிகையாக இருக்கலாம். ஊரில் வீதித் திணைக்களத்தில் பொறியியலாளராக இருந்தவருக்கு, இங்கே வந்தபின் ஒரு வீதி ஒப்பந்தக் கம்பனியில் வரைபடம் சரிபார்க்கிற வேலைதான் கிடைத்தது. அதைப்பற்றி நீங்கள் ஒருநாளும் குறை சொன்னதில்லை. ஆனால் உலகத்தில் உள்ள வீதிகளை எல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்தீர்கள். சாப்பாட்டு மேசையில் என் பாத்திரங்களைத் தள்ளிவிட்டு வரைபடம் விரிப்பீர்கள். அதைத் திரும்ப மடிக்கத் தெரியாது. மடித்தது எப்போதும் நான்தான்.

அந்த வீதிக்குக் கீழே இருப்பது ஒருபோதும் உருகாத உறைநிலம் என்பதை எனக்கு விளங்கப்படுத்த நீங்கள் செய்த வேலையை நான் மறக்கவில்லை. ஐஸ்கிரீம் டப்பாவில் தண்ணீர் உறையவைத்து, அந்தக் கட்டியின் மேல் சூடான தாச்சிச் சட்டியை வைத்தீர்கள். தாச்சி சரிந்து உள்ளே இறங்கியது. பிறகு இன்னொரு கட்டியின் மேல் என்னுடைய நல்ல துவாயை நாலாக மடித்து வைத்து, அதன்மேல் தாச்சியை வைத்தீர்கள். அது அசையாமல் இருந்தது.

"பாத்தீரே? நிலத்தைத் தோண்டக்கூடாது. மேலை கிடக்கிற பாசியைச் சுரண்டக்கூடாது. தடிப்பாக் கிறவலைப் போட்டு மூடிப்போட்டு மேலாலை போகோணும். அங்கை வீதி எண்டது ஒரு போர்வை. கீழை கிடக்கிறது குளிரோடை கிடந்தால்தான் மேலை இருக்கிறது நிக்கும்."

"துவாய் கரியாப் போச்சு" என்றேன்.

"நான் எவ்வளவு பெரிய விசயம் சொல்லுறன், நீர் துவாயைக் கதைக்கிறீர்."

துவாயைப் பற்றிக் கதைத்தேனே தவிர, நீங்கள் சொன்னது எனக்கு விளங்கியது. எங்கள் வீடும் அப்படித்தான் நின்றது.

உங்கள் தம்பி யாழ்ப்பாணத்திலிருந்து பஸ் ஏறி வவுனியா நோக்கிப் போனவர். வழியில் ஒரு ஆமிச் சோதனைச் சாவடியில் அவரை இறக்கினார்கள். பக்கத்து ஆசனத்தில் இருந்த அம்மா ஒருத்தி எங்கள் வீடு தேடி வந்து சொன்னதால் அது தெரியும். இறங்கும்போது தம்பி தன் குடையை அந்த அம்மாவிடம் கொடுத்து, "அண்ணாட்டைக் குடுத்துவிடுங்கோ, மழை வரும்" என்றாராம். அவ்வளவுதான் தெரியும். அவர் இறக்கப்பட்ட இடத்து வீதி, நீங்கள் நின்று தார் போடுவித்த துண்டு. அதை நீங்கள் என்னிடம் ஒரேயொரு தடவைதான் சொன்னீர்கள்.

அவரைத் தேடி எத்தனை அரசாங்கக் கந்தோர், எத்தனை முகாம் வாசல்! பிறகு நாட்டை விட்டு வந்தோம். வந்த பிறகும் கடிதங்கள், தொலைபேசி, புகைப்படப் பிரதிகள். எங்கும் ஒரே பதில்: அறியத் தருவோம்.

ஒக்லாந்தில் காகம் இல்லை என்பதை வந்த முதல் ஆடி அமாவாசையன்றுதான் கண்டுபிடித்தோம். விரதமிருந்து, உங்கள் அப்பாவுக்குப் படைத்து, சோற்றைக் கராஜ் கூரையில் வைத்துவிட்டு நீங்கள் 'கா, கா' என்று கூப்பிட்டீர்கள். மைனாக்கள் வந்தன. பிறகு கடற்பறவைகள் வந்து மைனாக்களைத் துரத்தின. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, உடம்புக்கு ஏதாவது செய்கிறதா என்று உங்களைக் கேட்டாள். அன்றைக்குச் சமைக்கிற காத்தோட்டிக்காயும் இல்லை, காகமும் இல்லை, இது என்ன ஆடி அமாவாசை என்று நான் முணுமுணுத்தேன். எதுவுமில்லாத ஊரிலும் நீங்கள் உங்கள் அப்பாவை ஒரு வருடமும் விட்டதில்லை.

ஒவ்வொரு வருடமும் நான் கேட்பேன்: "தம்பிக்கும் ஒரு பிடி வைப்பமே?"

ஒவ்வொரு வருடமும் நீங்கள் சொல்வீர்கள்: "உயிரோடை இருக்கிறவனுக்குச் சோறு வைச்சுக் காகத்தைக் கூப்பிடச் சொல்லுறீரோ?"

நான் கேட்டது சரி என்றே இன்றும் நினைக்கிறேன். போனவருக்குப் போனவர் என்ற மரியாதை வேண்டும். இருப்பவர்களுக்கும் ஒரு முடிவு வேண்டும். நம்பிக்கை என்ற பெயரில் ஒருவர் கண்முன்னே கரைந்துபோவதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இருக்கவில்லை.

அந்த வீதியின் கதையையும் நீங்கள்தான் சொன்னீர்கள். முதலில் அது வீதி அல்ல. அந்த நிலத்துப் பூர்வகுடிகளான குவிச்சின் மக்கள் காலங்காலமாக நடந்த தடம். பிறகு பொலீஸ்காரர் பனிக்காலத்தில் நாய் வண்டிகளில் கடிதம் கொண்டுபோன பாதை. அப்படி ஒரு பனிக்காலம் வடக்கே போர்ட் மக்பெர்சனிலிருந்து தெற்கே டோசனுக்குப் புறப்பட்ட நான்கு பேர், வழி தெரிந்த குவிச்சின் ஆளைப் பாதியில் கூலி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். தங்களில் ஒருவனுக்கு வழி தெரியும் என்று நினைத்தார்கள். திரும்ப வேண்டிய ஓடையைக் காணவில்லை. தேடித் தேடிச் சாப்பாடு முடிந்தது. திரும்பி நடந்தார்கள், நாய்களைச் சாப்பிட்டார்கள், புறப்பட்ட ஊருக்கு வெகு கிட்டவாக வந்து செத்துப்போனார்கள். டோசனிலிருந்து ஒரு அதிகாரி, வழி தெரிந்த ஆளைக் கூட்டிக்கொண்டு தேடிப் போய் அவர்களைக் கண்டெடுத்தார்.

எண்ணெய் கிடைக்கும் என்ற ஆசையில் அந்தத் தடத்தை ஒட்டி வீதி போடத் தொடங்கி, இடையில் கைவிட்டு, வருடக்கணக்காகக் கிடப்பில் கிடந்து, பிறகு மெல்ல மெல்ல முடித்தார்கள். இப்போது அது வடகடல்வரை போகிறதாம். முடித்தபோது வைத்த டெம்ஸ்டர் என்ற பெயர் அந்த அதிகாரியின் பெயர்.

"கவனியும். செத்த நாலு பேரின்ர பேரை வைக்கேல்லை. தேடிப் போனவன்ர பேரை வைச்சிருக்கிறாங்கள்" என்றீர்கள். வரைபடத்தின் மேல் இருந்த உங்கள் விரல் அசையவில்லை. ஏன் அங்கே போக வேண்டும் என்று நான் அதற்குப் பிறகு கேட்கவில்லை. நீங்கள் ஓய்வு பெற்ற அடுத்த கோடையில் போனோம்.

வீதி தொடங்கும் சந்தியில் நீங்கள் இறங்கி, வைட்ஹோர்ஸ் நகரில் வாங்கிய தேசிக்காயில் நாலை நாலு டயருக்குக் கீழே வைத்தீர்கள். நான் கைகூப்பி நின்றேன். உடனே ஒரு பெரிய லொறி வந்து நின்றது. அந்த வீதியில் நிற்கிற வண்டியை யாரும் விசாரிக்காமல் தாண்டிப் போக மாட்டார்கள் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. சாரதி இறங்கி வந்து, குனிந்து டயர்களைப் பார்த்து, காற்றுப் போய்விட்டதா என்று கேட்டான். நீங்கள் விளங்கப்படுத்தினீர்கள். அவன் தன்னுடைய லொறியைத் திரும்பிப் பார்த்து, "எனக்குப் பதினெட்டுச் சக்கரம். ஒரு கூடை வேண்டும்" என்றான். கைவசம் மிஞ்சியிருந்த ஒரு தேசிக்காயைக் கொடுத்தீர்கள். அதை அவன் கண்ணாடிக்கு முன்னால் வைத்துக்கொண்டு போனான்.

அந்த வழியை என்னால் இன்னும் சொல்ல முடியும். முதலில் கூரான கறுத்த மலைகள். பிறகு மரம் குள்ளமாகி, குள்ளமாகி, ஒரு கட்டத்தில் இல்லாமலே போனது. ஓகில்வி ஆற்றோரம் நெடுந்தூரம் போய், மேட்டில் ஏறி, பாதி வழியில் ஒரேயொரு விடுதி. சில இடங்களில் வீதியையே அகலமாக்கி விமானம் இறங்குவதற்கு விட்டிருந்தார்கள். துருவ வட்டத்தைக் காட்டும் பலகைக்குப் பக்கத்தில், காற்றில் சேலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நான் நிற்க நீங்கள் படம் எடுத்தீர்கள். "நேரா நில்லும்" என்றீர்கள். நான் எப்போது நேராக நிற்கவில்லை? காற்றுத்தான் சரிந்து அடித்தது. ரிச்சர்ட்சன் மலைகளைத் தாண்டிக் கீழே இறங்கினால் பீல் ஆறு. பாலம் கிடையாது. கோடையில் வாகனப் படகு, பனிக்காலத்தில் உறைந்த ஆற்றின் மேலேயே வீதி. ஆறு உறைகிற கிழமைகளிலும் உடைகிற கிழமைகளிலும் அந்தப் பக்கமும் இல்லை, இந்தப் பக்கமும் இல்லை. கரையில் இருப்பவன் இருக்கவேண்டியதுதான்.

ஆற்றுக்கு அப்பால் போர்ட் மக்பெர்சன். தேவாலயத்து முற்றத்தில் அந்த நான்கு பேரின் கல்லறை. நீங்கள் தொப்பியைக் கழற்றிவிட்டு நெடுநேரம் நின்றீர்கள். நுளம்பு முகத்தில் மொய்த்தது. நான் கையால் விசிறி விரட்டினேன்.

"குடுத்து வைச்சவை" என்றீர்கள். "எடுத்துக் கொண்டந்து தாட்டிருக்கினம்."

அடுத்த நாள் ஆடி அமாவாசை. இதை நான் புறப்படுமுன்னரே பஞ்சாங்கத்தில் பார்த்து, அரிசியும் பருப்பும் சின்ன அடுப்பும் எடுத்து வைத்திருந்தேன். மக்கென்சி ஆற்றுக்குப் போகும் வழியில், வீதியோரம் கிறவல் குவித்திருந்த ஒரு ஒதுக்கில் காரை நிறுத்திச் சமைத்தேன். சுற்றிவர இளஞ்சிவப்புப் பூச்செடி. ஒரு மனிதச் சத்தம் இல்லை. நீங்கள் அப்பாவின் பங்கை அலுமினியத் தாளில் வைத்து, கூச்சத்தோடு ஒரு தடவை 'கா' என்றீர்கள்.

வந்தது. எங்கள் ஊர்க் காகத்தைப்போல இரண்டு மடங்கு, கோழியளவு, தொண்டையில் தாடி வைத்த அண்டங்காகம். இன்னொன்று பின்னால் நடந்து வந்தது. முதல் வந்தது, சோற்றைத் தின்றது போதாதென்று தாளையும் தூக்கிக்கொண்டு பறந்தது. உங்கள் முகம் நனைந்திருந்தது. "அப்பா எப்பவும் அவசரக்காரன்" என்றீர்கள்.

நான் இரண்டாவது தாளில் சோறு போட்டேன். பருப்பு, உருளைக்கிழங்கு, கொஞ்சம் நெய். உங்கள் கையில் தந்தேன். நீங்கள் மறுக்காமல் வாங்கினீர்கள். முந்திய நாள் கல்லறையில் நின்ற உங்களைப் பார்த்தபின், இன்றைக்கு இது முடியும் என்று நான் நினைத்தேன். மற்றக் காகம் பார்த்துக்கொண்டு நின்றது. நீங்கள் குனியத் தொடங்கினீர்கள்.

அப்போதுதான் வீதியைச் சமப்படுத்துகிற அந்தப் பெரிய மஞ்சள் யந்திரம் வந்து நின்றது. அதிலிருந்து ஒரு முதியவர், குவிச்சின்காரர், எட்டிப் பார்த்தார். அவர் கதைத்தது ஆங்கிலத்தில்.

"எல்லாம் சரிதானே?"

"சரிதான். என் அப்பாவுக்குச் சாப்பாடு கொடுத்தோம்" என்றீர்கள்.

அவர் காகத்தைப் பார்த்தார். "இவரா?"

"இன்றைக்கு மட்டும்."

"இருக்கலாம். ஆனால் ஒரு சோறும் நிலத்தில் கிடக்கக்கூடாது. கரடி வந்தால் அதற்கு அப்பா, மகன் என்று தெரியாது." பிறகு உங்கள் கையைப் பார்த்தார். "அதுவும் பறவைக்கா?"

நீங்கள் நிமிர்ந்தீர்கள். "இல்லை. இது என் தம்பிக்கு."

அவர் எங்கள் காரின் பின் ஆசனத்தைப் பார்த்தார். "ஆளைக் காணவில்லையே?"

"பிந்திப்போனான்."

"தெற்கிலிருந்தா வருகிறார்? நான் அந்தப் பக்கம்தான் போகிறேன். கண்டால், நீங்கள் முன்னால் போய்விட்டீர்கள் என்று சொல்கிறேன். என்ன கார்?"

"கார் இல்லை. பஸ்ஸில் வந்தவன்."

"இந்த வீதியில் பஸ் இல்லை."

"தெரியும்" என்றீர்கள்.

அவர் எஞ்சினை நிறுத்தினார். அந்தப் பெரிய வெளியில் சட்டென்று ஒரு சத்தமும் இல்லை. உங்கள் முகத்தைப் பார்த்தார், பிறகு என் முகத்தை. "என்றாலும் பார்த்துக்கொண்டு போகிறேன்" என்றார். யந்திரத்தை முடுக்கினார், போனார்.

நீங்கள் கார்ப் படியில் உட்கார்ந்து, தம்பியின் சோற்றைப் பிசைந்து நீங்களே சாப்பிட்டீர்கள். காகத்தை ஒரு கையால் விரட்டியபடி, ஒரு பருக்கை மிச்சமில்லாமல்.

"எத்தினை கந்தோர் ஏறி இறங்கினன்" என்றீர்கள். "எந்தப் பக்கத்தாலை வாறவர் எண்டு ஒருத்தரும் கேக்கேல்லையப்பா."

நான் முழங்காலில் இருந்து, கிறவலில் சிந்திய சோற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். அதற்குப் பிறகு வந்த ஆடி அமாவாசைகளில் நான் உங்களைக் கேட்கவில்லை. என் எண்ணம் மாறவில்லை. கேட்பதற்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

நீங்கள் போனது படுக்கையில், என் கையும் வாசுகியின் கையும் உங்கள் மேல் இருக்க. குடுத்து வைச்ச சாவு என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். எனக்குத் தெரியும், கடைசி நாட்களில் கதவு திறக்கும் ஒவ்வொரு தடவையும் நீங்கள் எங்களைத் தாண்டித்தான் பார்த்தீர்கள்.

நேற்று ஆட்டைத் திவசம் நடந்தது. மகன் இல்லாத வீடு என்று ஐயர் ஒன்றும் சொல்லவில்லை. வாசுகிதான் தர்ப்பை போட்டு இருந்தாள். கால் மரத்துப்போனாலும் அசையாமல் இருந்தாள், அந்த வளர்ப்புக்கு நான் பொறுப்பு. உங்கள் பெயர், உங்கள் அப்பா, அப்பப்பா எல்லோரும் வந்தார்கள். பிறகு ஐயர் எள்ளைக் கையில் எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"அம்மா, கூடப் பிறந்தவை ஆரும் தவறியிருந்தால் அவையையும் சேர்ப்பம். ஒரு தம்பி இருந்தவரெல்லே?"

வாசுகி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். வருடா வருடம் இதற்காக நான் உங்களோடு பட்ட பாட்டை அவள் சின்ன வயதிலிருந்து கேட்டவள். கூடத்தில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள். தடுப்பதற்கு நீங்கள் இல்லை. பெயர் என் நாக்கு நுனியில் இருந்தது. சொல்லியிருந்தால் ஐயர் ஒரு பிடி எள்ளோடு முடித்திருப்பார்.

"அவருக்கு வேண்டாம், ஐயா" என்றேன்.

"இல்லையம்மா, காலம் கனக்கப் போச்சு. செய்தால் அவருக்கும் நல்லது."

"எனக்குத் தெரியும். அவருக்கு இப்ப வேண்டாம். நீங்கள் மேலே சொல்லுங்கோ."

ஐயர் மேலே சொன்னார்.

எல்லோரும் போன பிறகு, வாசுகி பாத்திரம் கழுவிக்கொண்டு நின்றவள் திரும்பாமலே கேட்டாள்: "அம்மா, சித்தப்பா எப்படி இருப்பார்?"

உங்களைவிட ஒரு விரற்கடை உயரம் என்றேன். இடது புருவத்தை வெட்டிக்கொண்டு போகும் ஒரு தழும்பு, கிணற்றுக் கட்டில் விழுந்ததில் வந்தது. நடக்கும்போது வலது தோள் கொஞ்சம் முன்னுக்கு வரும். இப்போது தலை நரைத்திருக்கும். அவள் கையைத் துடைத்துவிட்டு வந்து பக்கத்தில் இருந்தாள். நான் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

இடது கண்ணில் புரை முற்றிவிட்டது, வெட்ட வேண்டும் என்று டொக்டர் சொல்லி நெடுநாள். இந்த வயதில் இனி எதைப் பார்க்க என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். இன்று காலை கிளினிக்குக்கு நானே போன் எடுத்து நாள் கேட்டேன். அந்த முகத்தைக் கண்டால் இன்னார் என்று சொல்ல, இந்த வீட்டில் இனி நான் ஒருத்திதான் இருக்கிறேன்.